பக்கத்து மனையில் பள்ளம், எங்கள் சுவருக்கு அடியில் கான்கிரீட்: ஒன்பது வார வேலையைப் பற்றி

இந்த வேலைக்கு விமர்சனம் தேடினால் கிடைப்பதே இல்லை. பெயிண்ட் அடிப்பவர், தண்ணீர்த் தொட்டி கழுவுபவர், மாடியில் ஒழுகலை அடைப்பவர் என்று எல்லாருக்கும் நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஆட்கள் குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணை எடுத்துவிட்டு அங்கே கான்கிரீட் வைக்கிறவர்களைப் பற்றி ஒரு வரி கூட என் கண்ணில் படவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டபோது இரண்டு இரவு உட்கார்ந்து தேடினேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். குறை சொல்ல வேண்டிய இடங்களும் இருப்பதால் குழுவின் பெயரை எழுதவில்லை. அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதை எழுதினாலே உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு பழையது. இரண்டு தளம், தூண் கிடையாது, செங்கல் சுவர்கள்தான் மொத்த எடையையும் தாங்குகின்றன. பக்கத்து மனையை ஒட்டிய சுவர் 12 மீட்டர் நீளம். பக்கத்து மனையில் நிலத்தடித் தளத்தோடு ஒரு புதுக் கட்டடம் வருகிறது, அதற்கு 3.2 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வேண்டும். எங்கள் கடைக்கால் அதில் பாதி ஆழம் கூட இல்லை. அதாவது எங்கள் சுவர் எந்த மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அந்த மண்ணின் விலாவைத் திறக்கப் போகிறார்கள்.

முதலில் வந்த தோண்டும் ஆட்கள், அவர்கள் யார் என்பது வேண்டாம், பொக்லைனை இறக்கி மூன்றே நாளில் எங்கள் சுவருக்கு ஒன்றரை மீட்டர் தூரம் வரை செங்குத்தாக வெட்டிவிட்டார்கள். முட்டு ஒன்று கூட வைக்கவில்லை. கேட்டதற்கு, இது களிமண், அசையாது, மூன்று நாளாக நிற்கிறதே என்றார்கள். நான்காம் நாள் காலையில் வெட்டு முகத்திலிருந்து ஒரு பெரிய பாளம் சரிந்து கீழே கிடந்தது, எங்கள் படிக்கட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. நல்லவேளை அந்த நேரம் பள்ளத்துக்குள் யாரும் இல்லை. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னிலிருந்து இரண்டு டன் வரை இருக்கும், அதாவது ஒரு கார் அளவுக்கு. இடுப்புக்கு மேல் புதைந்தாலே மனிதனால் மூச்சை இழுக்க முடியாமல் போகலாம். களிமண் வெட்டிய அன்று நிற்கும் என்பது உண்மைதான். வெட்டியதும் அதற்குள் இருக்கும் ஈரம் மண்துகள்களை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. நாள் போகப் போக தண்ணீர் உள்ளே ஊறி அந்தப் பிடி தளர்கிறது, அப்புறம் முன்னறிவிப்பே இல்லாமல் விழுகிறது. மூன்று நாள் நின்றதை வைத்து நான்காம் நாளுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பக்கத்து வீட்டுக்காரரைப் பாராட்ட வேண்டும். அன்றே வேலையை நிறுத்தினார். எடுத்த மண்ணில் ஒரு பகுதியைத் திரும்ப எங்கள் சுவர் பக்கம் சரிவாகக் கொட்டி வைத்தார். அந்தச் சரிவு மண்தான் அடுத்த ஐந்து வாரம் எங்கள் வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. உங்கள் பக்கத்தில் இப்படி நடந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வாக்குவாதம், வக்கீல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மண்ணை முதலில் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

அதன்பிறகு மூன்று குழுக்களை அழைத்தோம். செலவு அவருடையது, ஆனால் யார் செய்வது என்பதில் எனக்கும் ஒப்புதல் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

முதல் குழு ரெசின் என்ற செயற்கைப் பிசினைச் செலுத்துகிறவர்கள். சுவருக்கு அடியில் துளை போட்டு ரெசினை உள்ளே விட்டால் அது விரிந்து மண்ணை இறுக்கிவிடும், இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்றார்கள். அது மோசமான முறை இல்லை, தரைக்குக் கீழே மண் இறங்கி உள்ளே பொந்து விழுந்த இடங்களுக்கு நன்றாகவே பயன்படும். ஆனால் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வெட்டித் திறந்த மண்ணை அது எப்படிச் சரியாமல் பிடிக்கும் என்று கேட்டேன், அதற்குத் தெளிவான பதில் வரவில்லை.

இரண்டாவது குழு மைக்ரோ பைல், அதாவது மண்ணுக்குள் இறங்கும் மெல்லிய தூண்கள், போடலாம் என்றார்கள். 300 மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டத்தில் துளை போட்டு, இரும்பை இறக்கி, சிமெண்ட் பாலை அழுத்தத்தில் நிரப்புவது. 1952இல் இத்தாலியில் பெர்னாண்டோ லிஸ்ஸி என்ற பொறியாளர், போரில் சேதமான பழைய கட்டடங்களைத் தாங்கிப் பிடிப்பதற்காக உருவாக்கிய முறை இது. மரத்தின் வேர் போல மண்ணைப் பிடிப்பதால் வேர்ப் பைல் என்றே அவர் பெயர் வைத்தார். சின்ன இயந்திரம் போதும், தாழ்வான அறைக்குள்ளேயே நின்று வேலை செய்யலாம், நல்ல மண் ரொம்ப ஆழத்தில் இருந்தால் இதைவிட்டால் வேறு வழி இருக்காது. எங்களுக்கு ஏன் வேண்டாம் என்றால், பைல் வீட்டின் எடையைக் கீழே கொண்டுபோய்விடும், ஆனால் பைல்களுக்கு நடுவே இருக்கும் மண்ணைத் தடுக்க அப்புறம் தனியாக ஒரு சுவர் கட்ட வேண்டும்.

மூன்றாவதாக வந்தவர்கள்தான் வேலையைச் செய்தவர்கள். முதல் நாள் அவர்களுடைய பொறியாளர் எந்த முறை என்று வாயே திறக்கவில்லை. பழைய வரைபடத்தைக் கேட்டார், பார்த்தார், மடித்துக் கொடுத்தார், சுவரின் கடைசி முனையில் ஓர் ஆய்வுக்குழி தோண்ட அனுமதி கேட்டார். மறுநாள் இரண்டு ஆட்கள் கடப்பாறையோடு வந்து சின்னதாக ஒரு குழி போட்டார்கள். வரைபடத்தில் கடைக்கால் 1.5 மீட்டர் ஆழம் என்று இருந்தது. உண்மையில் 1.1 மீட்டரிலேயே முடிந்துவிட்டது, அடியில் கான்கிரீட் கூட இல்லை, திமிசு போட்டு இடித்த செங்கல் ஜல்லிதான். மற்ற இரண்டு குழுக்களும் 1.5 மீட்டர் என்று நம்பித்தான் தங்கள் திட்டத்தைக் கொடுத்திருந்தார்கள். நான் இவர்களைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தக் குழிதான் காரணம், வேறு எதுவும் இல்லை. அதே குழியை இன்னும் கீழே கொண்டுபோய் மண்ணையும் பார்த்தார்கள். கெட்டியான களிமண், 2.6 மீட்டரில் விரல் தடிமனுக்கு ஒரு மணல் அடுக்கு, அதில் மெல்லிய கசிவு. இந்த மணல் அடுக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அவர்கள் சொன்ன வழி பழமையான அண்டர்பின்னிங். சுவருக்கு அடியில் துண்டு துண்டாக மண்ணை எடுத்து, பள்ளத்தின் தரைமட்டத்துக்கும் அரை மீட்டர் கீழே வரை, அதாவது 3.7 மீட்டர் ஆழம் வரை, கான்கிரீட்டால் நிரப்பிக்கொண்டே போவது. முடிந்ததும் அது வீட்டுக்குப் புது அஸ்திவாரமாகவும் இருக்கும், பள்ளத்துக்குத் தடுப்புச் சுவராகவும் இருக்கும்.

வேலை தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் மண்ணையே தொடவில்லை. அந்த வாரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது, விரிசல் விட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு இவர்கள் போட்டோ எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறதே என்று. ஒவ்வொரு அறையிலும் ஏற்கெனவே இருந்த விரிசல், பூச்சு உதிர்ந்த இடம், ஒட்டாத கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து, தேதி போட்டு, நானும் பக்கத்து வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டோம். விரிசல்களுக்கு மேல் ஒன்பது இடங்களில் கோடு போட்ட பிளாஸ்டிக் அளவுகோல் ஒட்டினார்கள். சுவரில் 14 ஆணிகள் அடித்து மட்டக்கருவியால் அளவு எடுத்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்கும் நிலைப்புள்ளியைப் பள்ளத்தின் ஆழத்தைப் போல மூன்று மடங்குக்கும் அதிக தூரத்தில் வைத்தார்கள். பக்கத்திலேயே வைத்தால் வீட்டோடு சேர்ந்து அந்தப் புள்ளியும் இறங்கும், அளவு எல்லாம் சரியாக இருப்பது போலவே காட்டும். தினமும் காலையில் ஒரே நேரத்தில்தான் அளவு எடுப்பார்கள். வெயில் பட்டால் சுவர் விரியும், விரிசல் தானாகவே கொஞ்சம் மூடித் திறக்கும், மத்தியானம் ஒரு நாள் காலையில் ஒரு நாள் என்று எடுத்தால் ஒன்றும் புரியாது.

அப்புறம் வீட்டின் எடையைக் குறைத்தார்கள். மாடித் தொட்டியை முழுக்கக் காலி செய்யச் சொன்னார்கள், ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். அந்தச் சுவரை ஒட்டியிருந்த புத்தக அலமாரிகளை எதிர்ப்பக்கம் நகர்த்தினோம். அந்தச் சுவரின் ஜன்னல்களுக்குள் மரச்சட்டம் வைத்து ஆப்பு அடித்து இறுக்கினார்கள், ஏனென்றால் சுவரில் பலவீனமான இடம் திறப்புகள்தான், எங்கள் விரிசலும் ஜன்னல் மூலையில்தான் ஆரம்பித்திருந்தது.

சரி, இனி தோண்டும் வேலை. 12 மீட்டர் சுவரை ஒவ்வொரு மீட்டராக 12 கட்டங்களாகப் பிரித்து, 1, 3, 2, 4 என்று மூன்று முறை சிவப்பு பெயிண்டில் எழுதினார்கள். 1 என்று எழுதிய மூன்றும் முதலில், பிறகு 2 எழுதியவை, பிறகு 3, கடைசியில் 4. இப்படிச் செய்தால் அடுத்தடுத்த இரண்டு கட்டங்கள் ஒரே நேரத்தில் திறந்திருக்க வாய்ப்பே இல்லை. அதிலும் எந்த நேரத்திலும் இரண்டு குழிக்கு மேல் திறக்கவில்லை. செங்கல் சுவர் ஒரு மீட்டர் இடைவெளியை ஒரு வளைவு போலத் தாண்டித் தன் எடையை இரண்டு பக்கமும் தள்ளிவிடும், அந்தக் குணத்தை நம்பித்தான் இந்த வேலையே நடக்கிறது. அதை இரண்டு மீட்டர் ஆக்கினால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. ஒரு நாள் மேஸ்திரி இல்லாத நேரத்தில் ஒரு பையன் ஆர்வத்தில் அடுத்த கட்டத்தின் மண்ணைக் கொஞ்சம் சுரண்ட ஆரம்பித்தான், பொறியாளர் பள்ளத்துக்குள் இறங்கிப் போய் மண்வெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சத்தம் போடவில்லை, சுவரில் இருந்த எண்ணைக் காட்டினார், அவ்வளவுதான்.

ஒவ்வொரு கட்டமும் கையால்தான் தோண்டினார்கள், இயந்திரம் சுவர் பக்கமே வரவில்லை. கீழே போகப் போக குழியின் பக்கங்களுக்குப் பலகை வைத்து நடுவே திருகு ஜாக்கி போட்டு இறுக்கிக்கொண்டே போனார்கள். அடிக்கு வந்ததும் உதிரி மண்ணைச் சுத்தமாக வாரிவிட்டு, பொறியாளர் இறங்கிப் பார்த்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த பிறகுதான் கம்பி இறங்கும். பக்கத்துக் கட்டத்தோடு இணைவதற்குக் கம்பிகளை இரு பக்கமும் நீட்டி விடுவார்கள். பழைய கடைக்காலின் அடிப்பாகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள். கான்கிரீட்டைக் கடைக்கால் வரை நிரப்பமாட்டார்கள், சுமார் 75 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்திவிடுவார்கள்.

இந்த 75 மில்லிமீட்டர்தான் மொத்த வேலையின் உயிர். கான்கிரீட் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், கொஞ்சம் அமிழும். நேராகச் சுவரைத் தொடும்படி ஊற்றினால் இறுகிய பிறகு மேலே முடி அளவு சந்து விழும், வீடு அந்தச் சந்து மூடும் வரை இறங்கும். அதனால் அடுத்த நாள், கான்கிரீட் தன் பங்குக்குச் சுருங்கிய பிறகு, ஒரு பங்கு சிமெண்ட் மூன்று பங்கு மணல் என்று, தண்ணீர் மிகமிகக் குறைவாகத் தெளித்துப் பிசைந்த கலவையை அந்த இடைவெளியில் திணித்து, மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்குவார்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கை ஈரமாகக் கூடாது, அதுதான் பதம். இதற்குப் பிறகு இரண்டு நாள் விட்டுத்தான் பக்கத்துக் கட்டத்தைத் தொடுவார்கள்.

ஐந்தாவது குழியில் இந்த இடத்தில்தான் தப்பு நடந்தது. கலவை தளதளவென்று இருந்தது, நானே மேலிருந்து பார்த்தேன், திணிக்கும்போது வழிந்தது. சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், பொறியாளர் சாயங்காலம் வந்து ஒரு கம்பியால் குத்திப் பார்த்தார், கம்பி உள்ளே போனது. முழுவதையும் சுரண்டி எடுக்க வைத்து மறுநாள் புதிதாக அடிக்க வைத்தார். அந்த ஒரு நாளும் கணக்கில் தாமதம்தான். ஆனால் அதை மூடி மறைக்காமல் எடுத்துப் போட்டதால் அவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கூடியது. தப்பு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், சோதித்துப் பார்த்தது எல்லாக் குழிகளையும்.

ஏழாவது குழியில் தண்ணீர். அந்த மணல் அடுக்கு அங்கே விரல் தடிமனிலிருந்து கைப்பிடி அளவுக்குப் பெருத்திருந்தது. குழியின் மூலையில் ஊற்று போலக் கிளம்பியது, ஆட்கள் பம்பைப் போட்டு இறைக்க ஆரம்பித்தார்கள், தண்ணீர் கலங்கலாக வந்தது. மேஸ்திரி ஓடி வந்து பம்பை நிறுத்தினார். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துச் சுவர்மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அடியில் அரை விரல் உயரத்துக்கு மணல் படிந்திருந்தது. என்னிடம் அதைக் காட்டி, "தண்ணீர் போகட்டும் சார், மணல் போகக் கூடாது. போகிற மணல் எல்லாம் உங்கள் வீட்டுக்கு அடியில் இருந்துதான் போகுது" என்றார். பிறகு கசியும் முகத்தில் வடிகட்டித் துணி வைத்து, அதன்மேல் சின்ன ஜல்லியைக் கொட்டி, ஓரத்தில் ஒரு சின்னத் தொட்டிக்குழி வெட்டி அதிலிருந்து மெதுவாக இறைத்தார்கள். மறுபடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தார்கள், தெளிந்திருந்தது. அன்று மாலையே கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள், இரவு பத்து மணி ஆனது.

அன்று இரவு தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தபோது இங்கிலாந்தின் வின்செஸ்டர் தேவாலயத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் சுவர்கள் இறங்கி விரிந்துகொண்டிருந்தன, காரணம் அடியில் இருந்த மட்கிய சதுப்பு மண். தோண்டினால் தண்ணீர் நிரம்பியது, பம்பு வைத்து இறைத்தால் கட்டடமே விழுந்துவிடும் என்ற பயம். அதனால் வில்லியம் வாக்கர் என்ற நீர்மூழ்கி வீரர், 1906 முதல் 1911 வரை, முழு நீர்மூழ்கி உடையோடு அந்தக் குழிகளுக்குள் இறங்கி, ஆறு மீட்டர் வரை ஆழத்தில், கலங்கிய இருட்டில் கையால் தடவித் தடவியே வேலை செய்தார். கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி அடியை மூடிய பிறகுதான் தண்ணீரை இறைத்தார்கள், கொத்தனார்கள் இறங்கினார்கள். 25,000க்கும் மேற்பட்ட மூட்டைகள். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. எங்கள் மேஸ்திரி ஒரு பாட்டிலில் பார்த்ததும் வாக்கர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தண்ணீருக்குள் இருந்ததும் ஒரே காரணத்துக்காகத்தான். மறுநாள் மேஸ்திரியிடம் இந்தக் கதையைச் சொன்னேன், "எத்தனை குழி சார்?" என்றுதான் முதலில் கேட்டார்.

12 கட்டமும் முடிந்து கான்கிரீட் பலம் பிடித்த பிறகுதான் பள்ளத்தை முழுமையாகத் தோண்டினார்கள். இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக்குப் புதுச் சுவர் இருக்கிறது, மற்ற மூன்று பக்கங்களுக்கும் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக இரும்பு உத்திரங்களைச் செங்குத்தாக இறக்கி, தோண்டத் தோண்ட நடுவில் மரப்பலகைகளைச் செருகிக்கொண்டே போனார்கள். ஒன்றரை மீட்டர் தோண்டியதும் நிறுத்தி, சுவர் நெடுக ஒரு கிடை உத்திரம் வைத்து, எதிர்ப்பக்கம் வரை குறுக்கு முட்டுகள் போட்டு, ஜாக்கியால் அழுத்தி இறுக்கிய பிறகுதான் மீதி ஆழத்துக்குப் போனார்கள். முட்டைச் சும்மா வைத்தால் போதாது, முன்கூட்டியே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர் கொஞ்சம் உள்ளே சாய்ந்து வந்து அந்த முட்டைத் தொட்ட பிறகுதான் முட்டு வேலை செய்ய ஆரம்பிக்கும், அந்தக் கொஞ்சம் நம் வீட்டு விரிசலில் தெரியும்.

எடுத்த மண்ணை அன்றன்றே லாரியில் அனுப்பிவிட்டார்கள், ஓரத்தில் குவிக்கவே இல்லை. 2009 ஜூன் 27 அன்று ஷாங்காயில் ஒரு 13 மாடிக் கட்டடம் அப்படியே முழுதாகப் படுத்துவிட்டது, படம் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் வாகன நிறுத்தத்துக்காக 4.6 மீட்டர் பள்ளம், மறுபக்கம் அந்த மண்ணையே 10 மீட்டர் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கவாட்டுத் தள்ளலில் அடியில் இருந்த பைல்கள் ஒடிந்தன. தொழிலாளி ஒருவர் இறந்தார். அதனால் லாரி வர ஒரு மணி நேரம் தாமதமானால் கூட தோண்டுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரவில்லை.

முட்டுகளைக் கழற்றுவதும் தோண்டுவதைப் போலவே ஆபத்தான வேலை. நிலத்தடித் தளத்தின் தரையும் மேல் தளமும் போட்டு இறுகிய பிறகு, ஒரு நாளைக்கு ஒரு முட்டு வீதம், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் அளவு எடுத்துக் கழற்றினார்கள்.

இப்போது குறைகள்.

பெரிய குறை அளவுகளைப் பற்றியது. தினமும் எடுத்தார்கள், ஆனால் எனக்குக் காட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பொறியாளருக்கு மட்டும் வாரம் ஒருமுறை போனது. வீடு என்னுடையது, அதற்குள் படுத்துத் தூங்குகிறவன் நான். இரண்டு வாரம் கேட்டுக்கேட்டு, மூன்றாவது வாரத்திலிருந்துதான் தினமும் காலையில் எனக்கும் வந்தது. இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரில் நிக்கோல் நெடுஞ்சாலை ஓரத்தில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். குறுக்கு முட்டு கிடை உத்திரத்தோடு சேரும் இணைப்பு பலமில்லாமல் வளைந்ததுதான் காரணங்களில் முக்கியமானது, ஆனால் அதற்கு முன்பே கருவிகளின் அளவுகள் எல்லையைத் தாண்டியிருந்தன. எண்களை எடுத்து வைத்தால் மட்டும் போதாது, எந்த எண் வந்தால் யார் வேலையை நிறுத்துவது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இவர்களிடம் அது இருந்தது, 5 மில்லிமீட்டர் இறங்கினால் எச்சரிக்கை, 10 என்றால் எல்லாம் நிற்கும். அதையும் நான் கேட்ட பிறகுதான் காட்டினார்கள்.

கடைசியில் எங்கள் சுவர் அதிகபட்சம் இறங்கியது 4 மில்லிமீட்டர், நடுப்பகுதியில். 4 மீட்டர் தள்ளியிருந்த ஆணியில் 1 மில்லிமீட்டர். மொத்தமாக எவ்வளவு இறங்கியது என்பதைவிட இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் சுவரை உடைக்கும். அந்த வித்தியாசம் இடைத்தூரத்தில் 300இல் ஒரு பங்கை எட்டினால் சுவர்களில் விரிசல் வரலாம் என்று ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்ற இரண்டு பொறியாளர்கள் 1956இல் பல கட்டடங்களைப் பார்த்து எழுதினார்கள். எங்களுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. படிக்கட்டு விரிசல் வேலைக்காலத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்து அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டாவது குறை, ஆறு வாரம் என்று சொல்லி ஒன்பது வாரம் ஆக்கினார்கள். காத்திருந்த நாட்களில் பெரும்பாலானவை நியாயமானவை. ஆனால் ஆரம்பத்திலேயே ஒன்பது என்று சொல்லியிருந்தால் மாடியில் இருந்த வயதானவர்களை வேறு இடத்துக்கு அனுப்பியிருப்பேன். தொட்டி காலியாக இருந்ததால் அத்தனை நாளும் அவர்கள் கீழேயிருந்து வாளியில்தான் தண்ணீர் கொண்டுபோனார்கள். அதோடு ஏழாவது குழிக்குப் பிறகு ஐந்து இரவு பம்பு ஓடியது, அதற்கு எங்களிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை.

மூன்றாவது, விரிசலை மூடும் வேலை. முட்டு கழற்றிய அடுத்த வாரமே வந்து, செங்கல் இணைப்புகளில் காடி வெட்டி, முறுக்குக் கம்பி வைத்துத் தைத்து, மேலே பூசி, பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். தைத்தது நன்றாக இருக்கிறது. பூச்சு அவசரம். புதிய அஸ்திவாரத்தின் மேல் வீடு உட்கார்ந்து அடங்குவதற்குச் சில மாதங்கள் விட்டிருக்க வேண்டும். அதே கோட்டில் முடி அளவுக்கு மறுபடி தெரிகிறது, அளவுகோலில் மாற்றம் ஒன்றும் இல்லை என்பதால் பயம் இல்லை, ஆனால் பூச்சு வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். கான்கிரீட்டுக்கும் கை வேலைக்கும் ஐந்து, பேச்சுக்கும் தகவலுக்கும் இரண்டரை. இருந்தாலும் சராசரி போடாமல் நான்கு கொடுப்பதற்குக் காரணம், நிறுத்த வேண்டிய இடங்களில் எல்லாம் நிறுத்தினார்கள், கலவை இளகியபோதும் மணல் வந்தபோதும் லாரி வராதபோதும்.

ஆள் தேடுகிறவர்களுக்கு: முதல் நாள் வந்ததும் ஆய்வுக்குழி கேட்கிறாரா பாருங்கள். அளவு எடுக்கும் நிலைப்புள்ளியை எங்கே வைப்பீர்கள், எந்த எண்ணில் வேலையை நிறுத்துவீர்கள், அந்த எண்கள் எனக்கும் தினமும் வருமா என்று கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை குழி திறப்பீர்கள் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுவர் மொத்தத்தையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்கிறவரை அனுப்பிவிடுங்கள்.

ஒன்பது அளவுகோல்களில் இரண்டை மட்டும் கழற்ற வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், படிக்கட்டுச் சுவரில் இருக்கின்றன. ஓராண்டு வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து அளவு எடுப்பது ஒப்பந்தத்தில் உண்டு. இரண்டு முறை வந்துவிட்டார்கள், இரண்டு முறையும் அதே எண். அடுத்த முறை வந்ததும் இதே இடத்தில் சேர்த்து எழுதுகிறேன், பூச்சு வேலை முடிந்ததா என்பதையும்.